நன்றி: இணையம்

ஒரு கட்டுரையில் அடுத்தவர் தளத்துக்கு எத்தனை முறை சுட்டி கொடுக்கலாம்? இதற்கென்றே வகுப்பு எடுக்கிறார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு எடுக்கிறார்கள். ஆயிரம் சொல்லுக்கு இரண்டு என்கிறார் ஒரு நிபுணர். மூன்று வரை போகலாம், ஆனால் மூன்றாவதைக் கடைசியில் வைத்துவிடுங்கள் என்கிறார் இன்னொருவர். ஒன்றுகூட வேண்டாம், வந்த ஆளை எதற்கு வெளியே அனுப்புகிறீர்கள் என்று கேட்கிறார் மூன்றாமவர். கூட்டம் அவருக்குத்தான் அதிகம். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்கள் என்று ஊரில் சிலரைச் சொல்வார்கள் அல்லவா, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எல்லாம் இப்போது, தேடலில் பக்கத்தை முன்னுக்குத் தள்ளும் எஸ்.இ.ஓ. ஆலோசகர்களாகிவிட்டார்கள்.

எடுக்கும்போது மட்டும் இந்தக் கணக்கு இல்லை. ஆயிரம் சொல்லில் எத்தனையை அடுத்தவரிடமிருந்து உருவலாம் என்று அந்த வகுப்புகளில் யாரும் கை தூக்கிக் கேட்பதாகத் தெரியவில்லை. தொள்ளாயிரத்து எண்பது வரை போகலாம் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது போலும்.

இந்தக் கஞ்சத்தனத்துக்கு ஒரு சாஸ்திரமும் உண்டு. 1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும், ஒரு பக்கத்துக்கு வெளியிலிருந்து வரும் சுட்டிகளை அதற்கு விழும் வாக்குகளாக எண்ணலாம் என்றார்கள். மதிப்புள்ள பக்கம் சுட்டினால் அந்த வாக்குக்கு எடை அதிகம். கூகுள் பிறந்தது அதிலிருந்துதான். அதுவரை படிப்பவருக்கு வழி காட்டிக்கொண்டிருந்த சுட்டி அன்றே சொத்தாகிவிட்டது. சொத்து என்று வந்ததும் பங்காளிக் கணக்கும் வரத்தானே செய்யும்? வெளியே ஒரு சுட்டி கொடுத்தால் நம் பக்கத்தின் ‘ஜூஸ்’, அதாவது தேடலில் அதற்குள்ள மதிப்பு, அந்த வழியாக ஒழுகிப் போய்விடும் என்று ஆலோசகர்கள் கண்டுபிடித்தார்கள். வெளித் தளங்களுக்குச் சுட்டி கொடுக்கப் பயப்பட வேண்டாம், ஆதாரம் காட்ட அது உதவும் என்று கூகுளின் சொந்த வழிகாட்டிப் பக்கமே எழுதி வைத்திருக்கிறது. அதை நாலு பேர் படித்துவிட்டால் வகுப்புக்கு ஆள் வராது.

சுட்டியே தங்கள் சொத்து என்று சொன்னவர்களும் உண்டு. பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம், 1989-இல் அமெரிக்காவில் பெற்றிருந்த ஒரு காப்புரிமையைத் தூசி தட்டி எடுத்து, 2000-இல் பிராடிஜி என்ற இணையச் சேவை நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. இணையத்தில் யார் யாருக்குச் சுட்டினாலும் தங்களுக்கு உரிமைத்தொகை வரவேண்டும் என்ற ஆசை. 2002-இல் நியூயார்க்கில் நீதிபதி அதைத் தள்ளிவிட்டார். அந்த நிறுவனத்தின் பேராசையில்கூட ஒரு நேர்மை இருந்தது. பகலில், வக்கீல் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

நம் ஊர்ப் பக்கம் ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பெயர் வேண்டாம், பத்து தளங்களைத் திறந்தால் எட்டு இப்படித்தான் இருக்கிறது. யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து பிடித்துப் போய், ஏதோ ஒரு கிராமத்துச் சிவன் கோயில் கல்வெட்டைப் படித்து, சுண்ணாம்பு மூடிய வரிகளைத் தடவித் தடவி வாசித்து, தன் தளத்தில் எழுதியிருப்பார். மறுவாரம் அது பெரிய தளத்தில் வருகிறது. தலைப்பு: ‘1000 ஆண்டு பழமையான கோயில்.. கல்வெட்டில் இருந்த ரகசியம்.. மிரண்டு போன ஆய்வாளர்கள்!’ மிரண்ட ஆய்வாளர் யார் என்று உள்ளே தேடினால் இல்லை. ‘இணையத்தில் வெளியான தகவலின்படி’ என்று ஆரம்பிக்கிறது. இரண்டு பத்தி போனதும் சிவப்பு எழுத்தில் ‘இதையும் படிங்க’. தொட்டால் ஒரு நடிகையின் விவாகரத்து. இன்னும் இரண்டு பத்தி போனால் மறுபடி ‘இதையும் படிங்க’. இந்த வாரம் பணமழை கொட்டப்போகும் நாலு ராசிகள். நடுவில் ‘தஞ்சாவூர்’ என்ற சொல் மட்டும் நீலத்தில் இருக்கிறது. அப்பாடா, மூலத்துக்கு ஒரு வழி விட்டிருக்கிறார்கள் என்று தொட்டால், அதே தளத்தின் தஞ்சாவூர் மாவட்டச் செய்திகள் திறக்கின்றன. முதல் செய்தி லாரி விபத்து.

ஆக, சுட்டிக்கு அங்கே பஞ்சமில்லை. ஒரு பக்கத்துக்குள் பத்துப் பன்னிரண்டு இருக்கிறது. அத்தனையும் வீட்டைச் சுற்றி வீட்டுக்குள்ளேயே வருகிறது. கல்வெட்டை வாசித்தவருடைய தளத்துக்கு மட்டும் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவர் செய்த எழுத்துப்பிழை அப்படியே வந்திருக்கிறது. பிழையைத் திருத்துவதற்காவது ஒரு முறை வாசித்திருக்க வேண்டும், அந்த வேலையும் நடக்கவில்லை. இதற்கெல்லாம் மகுடம் வைத்ததுபோல் ஒன்று உண்டு: அந்தப் பக்கத்தில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துப் பிரதி எடுக்கப் பாருங்கள். முடியாது. அடைத்து வைத்திருக்கிறார்கள். அடியில் ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’. திருடிக்கொண்டு வந்த பண்டத்துக்குத் திண்டுக்கல் பூட்டு!

படங்களின் கதை இன்னும் கேவலம். ‘படம்: கூகுள்.’ ‘நன்றி: இணையம்.’ கூகுள் எந்த ஊரில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தது? இணையம் என்ற பெரியவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், நன்றியை எந்த விலாசத்துக்கு அனுப்பி வைப்பது? விக்கிமீடியா காமன்ஸில் ஆயிரக்கணக்கானோர் தாங்கள் எடுத்த படங்களைக் காசில்லாமல் கொடுத்து வைத்திருக்கிறார்கள். கோயில், பறவை, செடி, தெருக்கூத்து என்று தேடினால் கிடைக்காதது குறைவு. அவர்களில் பலர் கேட்பது ஒரே ஒரு கூலி. படத்தின் கீழே என் பெயரைப் போடுங்கள், உரிமத்துக்கு ஒரு சுட்டி கொடுங்கள். காசு கேட்டிருந்தால்கூடப் பேரம் பேசிக் கொடுத்திருப்பார்கள் நம்மவர்கள். பெயரைக் கேட்டதுதான் பொறுக்கவில்லை. படத்தை எடுத்து, மூலையில் இருந்த பெயரை வெட்டி, நட்டநடுவில் தங்கள் தளத்தின் முத்திரையைக் குத்திவிடுகிறார்கள், சந்தையில் வாங்கிய மாட்டுக்குச் சூடு வைப்பதைப்போல.

யூடியூப்பில் இன்னும் ஒரு படி மேலே. ‘வணக்கம் நண்பர்களே, பல நாள் தேடி, நிறையப் புத்தகம் படிச்சு உங்களுக்காக எடுத்துட்டு வந்த தகவல்’ என்று தொடங்குவார். பிறகு ஒருவருடைய கட்டுரையை எழுத்து மாறாமல் வாசிப்பார். வாசிக்கிற வேகத்தில் ‘கீழே உள்ள படத்தில் காண்க’ என்பதையும் சேர்த்து வாசித்துவிட்டுப் போவார். கீழே எந்தப் படமும் இருக்காது, சப்ஸ்கிரைப் பொத்தான்தான் இருக்கும். அவருடைய டிஸ்கிரிப்ஷன் பெட்டியைத் திறந்து பாருங்கள். அவர் பேசும் மைக் வாங்கச் சுட்டி, கேமராவைத் தாங்கும் டிரைபாட் வாங்கச் சுட்டி, முகத்தில் அடிக்கும் விளக்கு வாங்கச் சுட்டி, இன்ஸ்டாகிராம், டெலிகிராம், ‘பிசினஸ் தொடர்புக்கு’ மின்னஞ்சல். டிரைபாடுக்கு இருக்கிற மரியாதை கட்டுரை எழுதியவருக்கு இல்லை. டிரைபாடு விற்றால் கமிஷன் வரும். எழுதியவரைக் காட்டினால் என்ன வரும்?

வாட்ஸ்அப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘படித்ததில் பிடித்தது’ என்று வரும். பிடித்த அளவுக்கு எழுதியவர் பெயர் பிடிக்காமல் போனது எப்படி என்று தெரியவில்லை. அல்லது அப்துல் கலாம் சொன்னதாக வரும். அந்த மனிதர் இவர்கள் சொல்கிற அத்தனையையும் சொல்லியிருந்தால், குடியரசுத் தலைவர் வேலைக்கும் ராக்கெட் வேலைக்கும் நேரமே இருந்திருக்காது.

இதை வெறும் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. ‘நல்ல கருத்து நாலு பேருக்குப் போனால் சரி, பெயரில் என்ன இருக்கிறது’ என்பார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று தாராளம் காட்டுகிற கும்பல். சுட்டியில் எழுதியவருக்குச் சேரவேண்டியது பாதிதான். மறுபாதி படிப்பவருக்குச் சேரவேண்டியது. இதை யார் சொன்னார், எப்போது சொன்னார், என்ன சூழலில் சொன்னார், அதற்குப் பின் மாற்றிச் சொன்னாரா என்று போய்ப் பார்க்கிற உரிமை அது. புற்றுநோய்க்கு ஒரு கசாயம், சர்க்கரைக்கு ஒரு இலை, ‘அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர்’ என்று வருகிறதே, அதன் கீழே சுட்டி இருந்திருந்தால் அங்கே விஞ்ஞானியும் இல்லை, ஆய்வும் இல்லை என்பது அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். மருந்தை நிறுத்திவிட்டுக் கசாயம் குடித்தவருடைய குடும்பத்திடம் போய், ‘பெயரில் என்ன இருக்கிறது’ என்று இவர்கள் சொல்லிப் பார்க்கட்டும்.

இத்தனைக்கும் மூலத்தைக் காட்டுவது இந்த மொழிக்குப் புதிதல்ல. ஐம்பெருங்காப்பியம் என்று மேடையில் மார் தட்டுகிறோமே, அதில் வளையாபதியும் குண்டலகேசியும் முழு நூலாக நம்மிடம் இல்லை. உரையாசிரியர்கள் தங்கள் உரைக்குள் எடுத்துக்காட்டியதாலும், புறத்திரட்டு போன்ற தொகுப்பு நூல்களில் சேர்த்து வைத்ததாலும் சில பாடல்கள் மட்டும் பிழைத்திருக்கின்றன. யாப்பருங்கல விருத்தியுரை எழுதியவர் காட்டிய நூல்களில் பல இன்று பெயராக மட்டுமே இருக்கின்றன. அவரிடம் யாராவது போய், ‘ஐயா, ஓர் உரையில் அடுத்தவர் நூலை இத்தனை முறை காட்டினால் வாசகன் உங்கள் ஏட்டை மூடிவிட்டு அந்த ஏட்டைத் தேடிப் போய்விடுவானே’ என்று ஆலோசனை சொல்லியிருந்தால், எழுத்தாணியை எங்கே குத்தியிருப்பாரோ. 1887-இல் சீவக சிந்தாமணியில் தொடங்கி ஒவ்வொரு நூலாக அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே.சா., ஏடு கொடுத்தவர் யார், எந்த ஊர்க்காரர் என்பதையெல்லாம் தம் முகவுரைகளில் எழுதி வைத்தார். ஓர் ஓலைக்கட்டு கொடுத்தவருக்கும் இடம் இருந்தது. இன்று ஒரு பக்கம் முழுக்கக் கொடுத்தவருக்கு ஒரு நீலக் கோடு போட மனம் வரவில்லை. இவர்கள்தான் முகப்பில் ‘யாதும் ஊரே’ என்று போட்டுக்கொள்கிறார்கள்.

அப்படியானால் வெளியே சுட்டியே கொடுப்பதில்லையா என்றால், கொடுக்கிறார்கள். இரண்டு வகையில். முதல் வகை மொய். நீ எனக்கு ஒன்று வைத்தாய், நான் உனக்கு ஒன்று வைக்கிறேன். நோட்டில் எழுதிக்கொள். உன் வீட்டு விசேஷத்தில் வந்து திருப்பிச் செய்கிறேன். எழுத்து எப்படி என்று இரண்டு தரப்பும் பார்ப்பதில்லை. மொய் எழுதுகிறவர் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவா போகிறார்.

இரண்டாவது வகை விற்பனை. கொஞ்சம் வாசகர் வருகிற தளம் வைத்திருக்கும் யாரையும் கேட்டுப்பாருங்கள், அவருடைய மின்னஞ்சலில் ஒரு கடிதம் காத்திருக்கும். உங்கள் தளம் மிக அருமை, நாங்கள் தரமான கட்டுரை ஒன்று தருகிறோம், அதில் எங்கள் வாடிக்கையாளருக்கு ஒரு சுட்டி இருக்கும், என்ன விலை? வாடிக்கையாளர் யார் என்று பார்த்தால் சூதாட்டத் தளம். சமையல் குறிப்புத் தளத்தில், வத்தக்குழம்புக்கும் பருப்புத் துவையலுக்கும் இடையே, ஆன்லைன் ரம்மி ஆடுவது எப்படி என்று திடீரென ஒரு கட்டுரை முளைப்பது இப்படித்தான். ரம்மியில் பணத்தை இழந்து தற்கொலைகள் நடந்து, தமிழ்நாடு சட்டமன்றம் தடை மசோதா நிறைவேற்றி, ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் சட்டமானது. அந்த மரணங்களைப் பற்றி மூக்கைச் சிந்திக்கொண்டு தலையங்கம் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே சூதாட்டச் சுட்டியை விற்ற மகான்களும் இருக்கிறார்கள். மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை இலவசமாக ஏற்றி வைத்திருக்கிறது, அதிலிருந்து உருவிய பாடலுக்கு ஒரு சுட்டி கொடு என்றால் ஜூஸ் ஒழுகிவிடும். சூதாட்டத்துக்குக் கொடுத்தால் ஒழுகாது, ஏனென்றால் அதை விற்றாயிற்று.

சில்லறைத் திருடர்களை மட்டும் திட்டினால் போதாது, மொத்த வியாபாரிகள் வேறு இருக்கிறார்கள். ஃபேஸ்புக்கில் ‘சுட்டி முதல் கமெண்டில்’ என்று எழுதுகிறோமே, ஏன்? பதிவுக்குள்ளேயே வெளிச்சுட்டி வைத்தால் அதை நாலு பேருக்கு மேல் காட்டாது என்ற பயம். இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழே முகவரியை எழுதலாம், தொட்டால் திறக்காது. ட்விட்டரை வாங்கிய எலான் மஸ்க், 2022 டிசம்பரில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், மாஸ்டடான் போன்ற தளங்களில் உள்ள தங்கள் கணக்குக்குப் பயனர்கள் சுட்டி கொடுக்கக் கூடாது என்று விதி போட்டார். ஒரே நாளில் வாங்கிக் கட்டிக்கொண்டு அதைத் திரும்பப் பெற்றார். அடுத்த ஆண்டு, நியூயார்க் டைம்ஸ் போன்ற தளங்களுக்குப் போகும் சுட்டிகளைத் தொட்டால் ஐந்து நொடி காக்க வைக்கிறது ட்விட்டர் என்று வாஷிங்டன் போஸ்ட் அம்பலப்படுத்தியது. பேச்சு சுதந்திரத்தைக் காப்பாற்றப் பிறந்தவர் செய்த காரியம் இது. பேசலாம், ஆனால் வாசல் பக்கம் போகக் கூடாது.

கனடாவில் இது உச்சத்துக்குப் போயிற்று. செய்திச் சுட்டிகளுக்காகச் செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடுங்கள் என்று 2023 ஜூனில் அந்நாடு சட்டம் போட்டது. சுட்டிக்குக் காசு கேட்கும் சட்டத்தை நான் மெச்சவில்லை, அதுவும் ஒரு வகையில் அந்த பிரிட்டிஷ் டெலிகாம் புத்திதான். ஆனால் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா என்ன செய்தது? ஆகஸ்ட் மாதம் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கனடா மக்களுக்குச் செய்திச் சுட்டிகளையே அடைத்துவிட்டது. அதே மாதம் வடமேற்குப் பகுதியில் காட்டுத்தீ. யெல்லோநைஃப் நகரமே, ஏறத்தாழ 20,000 பேர், வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. எந்தச் சாலை திறந்திருக்கிறது, நெருப்பு எங்கே வருகிறது என்ற செய்தியை ஃபேஸ்புக்கில் பகிர வழியில்லை. செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர் எரிகிறது, கம்பெனி கணக்குப் பார்க்கிறது. பிரதமர் கண்டித்தார். கம்பெனி அசையவில்லை.

இந்த அடைப்பை முன்பே பார்த்துச் சொன்னவர் உண்டு, ஈரானில் ஹுசைன் தெரக்ஷான் என்றொருவர். அந்நாட்டில் இணையத்தில் எழுதுவதைப் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர். 2008-இல் பிடித்து உள்ளே போட்டார்கள். ஆறு ஆண்டு கழித்து, 2014-இல் வெளியே வந்தார். வந்து பார்த்தால் சுட்டிக்கு மதிப்பே இல்லை, எல்லாம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்ற நாலு சுவருக்குள் அடங்கிவிட்டிருந்தது. சுட்டியின் சாவைப் பற்றி அவர் 2015-இல் எழுதிய நீண்ட கட்டுரை உலகமெங்கும் வாசிக்கப்பட்டது. அவரையாவது அரசு பிடித்துக்கொண்டு போனது. நாம் நாமாகவே போய் உட்கார்ந்துகொண்டு, லைக் வரவில்லையே என்று சுவரைச் சுரண்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது இயந்திரமும் வந்துவிட்டது. 2024 மே முதல் கூகுள் தன் தேடல் பக்கத்தின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கத்தை வைக்கத் தொடங்கியது. நூறு பேர் எழுதியதைப் பிழிந்து ஒரு பத்தி. சுட்டிகள் ஓரத்தில். ‘எங்கள் உழைப்பைத் திருடுகிறார்கள்’ என்று தளங்கள் அலறுகின்றன. 2024 நவம்பரில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம், செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கே போட்டது. நியாயமான புகார்தான். ஆனால் ‘இதையும் படிங்க’ கூட்டமும் சேர்ந்து ஒப்பாரி வைக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கல்வெட்டுக்காரர் பெயரை வெட்டிய அதே கத்தரிக்கோல், கொஞ்சம் பெரிய கையில், இவர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது.

எத்தனை முறை சுட்டி கொடுக்கலாம்? எத்தனை இடத்தில் எடுத்தீர்களோ அத்தனை முறை. ஏழு இடத்தில் எடுத்தால் ஏழு. ஓர் இடத்திலும் எடுக்கவில்லையென்றால் ஒன்றும் வேண்டாம், கும்பிடு போட்டு வாசிக்கிறோம். இதற்கு வகுப்பும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

சுட்டி கொடுத்து என்ன பயன், நாளைக்கு அந்தப் பக்கமே இருக்காதே என்று ஒரு சாக்கு உண்டு. அதில் உண்மை இருக்கிறது. 2013-இல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குப் பிறகு திறக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கெடுத்துச் சொன்னது. சரி, அதனால் என்ன? எழுதியவர் பெயர், கட்டுரைத் தலைப்பு, வந்த தேதி மூன்றையும் சுட்டியோடு சேர்த்து எழுதுங்கள். பக்கம் செத்தாலும் பெயர் நிற்கும். இணைய ஆவணக் காப்பகத்தில் பழைய பிரதியைத் தேடிப் பிடிக்கவும் உதவும். ஒரு வரிதான் ஆகும். ராசிபலனுக்கு ஒதுக்கும் இடத்தில் கால்வாசி.

வாசகருக்கு ஒரு வார்த்தை. இந்தத் தளங்களுக்கு அற உணர்வு வரும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை யார் எழுதியது என்று தெரியாத ஒன்று உங்கள் கைப்பேசிக்கு வந்தால், அனுப்பியவர் சித்தப்பாவாக இருந்தாலும், மேலதிகாரியாக இருந்தாலும், லட்சம் பேர் பின்தொடரும் பிரபலமாக இருந்தாலும், அதற்குக் கீழேயே கேளுங்கள்: ‘இதை எழுதினது யாருங்க? லிங்க் இருந்தா அனுப்புங்க.’ முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. பதில் வராவிட்டால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.